மோரா, லெஸ்ஸா?

சித்திரை வெயிலில் பாடி மேம்பாலத்தைத் தாண்டி வியர்க்க விறுவிறுக்க வீட்டுக்கு வந்து சேர்கிறவனிடம், "மோர் வேண்டுமா?" என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்று சொல்லுகிற திடசித்தம் எனக்குக் கிடையாது. உங்களுக்கும் இராது என்றே நினைக்கிறேன். ஆனால் சென்ற கோடையில் ஒரு நாள் நள்ளிரவு பன்னிரண்டே முக்கால் மணிக்கு டெலிபோன் மணி அடித்தது. எடுத்தால் எங்கள் அண்ணி. அழாத குறையாக, "தம்பி, மோர் பின்னாலே போக மாட்டேங்குது! என்ன செய்யறதுன்னே தெரியலே!" என்றார். தூக்கக் கலக்கத்தில் நான் சொன்ன பதில் இன்றைக்கும் எங்கள் வீட்டில் பரிகாசத்துக்குரிய விஷயமாக இருந்து வருகிறது.

"புளிச்சுப் போயிருக்கும், அண்ணி. கொட்டிட்டுப் படுத்துக்குங்க."

அண்ணி சொன்னது தயிரைக் கடைந்து எடுக்கும் மோர் அல்ல; கணிப்பொறிக்குள் இருக்கும் மோர். அதற்கும் லெஸ் என்ற இன்னொன்றுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டு, எங்கள் வீட்டில் ஒருவருடைய உத்தியோகமே போகப் பார்த்தது. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் உங்களிடம் சொல்லப் போகிறேன். "ஐயோ, கணிப்பொறி சமாசாரமா!" என்று பக்கத்தைப் புரட்டிக்கொண்டு தொடர்கதைக்குப் போய்விடாதீர்கள். தொடர்கதையும் இதற்குள் வருகிறது.

முதலில் அண்ணியைப் பற்றி. பி.எஸ்ஸி. கணிதம். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் வேலை பார்த்தவர். பிறகு இரண்டு குழந்தைகள், மாமியாரின் முழங்கால் வலி, காலையில் ஆறு மணி ஷிப்டுக்குப் போகும் அண்ணாவுக்கு நாலரை மணிக்கே டிபன் டப்பா என்று பதினோரு வருஷம் ஓடிவிட்டது. சின்னவன் நாலாம் வகுப்புக்குப் போனதும், "இனிமேலாவது நானும் ஒரு வேலைக்குப் போகிறேனே" என்றார். எங்கள் பாடியில் இராத்திரி வேலை ஒன்றும் அதிசயம் அல்ல. 1961-இல் லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலை வந்த பிறகு பஸ் நிறுத்தத்தைக்கூட ‘லூகாஸ்’ என்றே சொல்லிப் பழகிவிட்ட ஊர் இது. ஷிப்டு விட்டு வருகிறவர்களுக்காக விடியற்காலையில் டீக்கடை திறந்திருக்கும். ஆனால் அதெல்லாம் புருஷர்களுக்கு. வீட்டு மருமகள் இரவு பத்து மணிக்குச் சாப்பாட்டுப் பையோடு புறப்பட்டதும், தெருவில் இரண்டு ஜன்னல்கள் கொஞ்சம் அதிகமாகவே திறந்தன.

வேலை கிடைத்தது அம்பத்தூர் தொழிற்பேட்டையில். 1964-இல் ஆரம்பித்த பேட்டை. ஒரு காலத்தில் லேத்துப் பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளுமாக இருந்த இடத்தில் இப்போது கணிப்பொறிக் கம்பெனிகளும் குடிவந்திருக்கின்றன. அப்படிப்பட்ட ஒரு சின்னக் கம்பெனி. ஊரார் கணிப்பொறிகளை இரவு முழுவதும் கண்காணிப்பது அவர்கள் தொழில். ஏதாவது ஒன்று நின்றுபோனால், ஏன் நின்றது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஆறு மாதம் தகுதிகாண் பருவம். அது முடிந்து, திருப்தியாக இருந்தால் நிரந்தரம். எங்கள் அம்மா ஒவ்வொரு வியாழக்கிழமையும் திருவலிதாயம் கோயிலுக்குப் போய்க் குரு பகவானிடம் அந்த ஆறு மாதத்தை ஞாபகப்படுத்திவிட்டு வருவார்.

அந்தக் கணிப்பொறிகள் நம் வீட்டில் இருப்பவை போல் படம் காட்டுவதில்லை. கறுப்புத் திரை, அதில் ஒரு கோடு கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான். நமக்கு வேண்டியதைப் பெயர் சொல்லித் தட்டச்சு செய்ய வேண்டும். பெரிய அங்காடியில் கூடையை மாட்டிக்கொண்டு கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டுக்கொள்கிறோம் அல்லவா? அது படக் கணிப்பொறி. தெருமுனை அண்ணாச்சி கடையில், "கால் கிலோ துவரம்பருப்பு, ஐம்பது கிராம் கடுகு" என்று சரியாகப் பெயர் சொல்லிக் கேட்டால்தான் சாமான் கைக்கு வரும். அது கட்டளைக் கணிப்பொறி. பழகிவிட்டால் அண்ணாச்சி கடையில்தான் வேலை சீக்கிரம் முடியும் என்பது குடும்பம் நடத்துகிறவர்களுக்குத் தெரியாதது அல்ல. உலகத்தில் பாங்குகள், ரயில்வே முன்பதிவு, சாமான் விற்கும் தளங்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் இரவும் பகலும் ஓடும் யந்திரங்களில் பெரும்பாலானவை லினக்ஸ் என்ற இந்த இனத்தைச் சேர்ந்தவைதான்.

இந்த யந்திரம் தான் செய்கிற ஒவ்வொரு காரியத்தையும் ஒரு வரி எழுதி வைத்துக்கொண்டே போகும். "12 மணி 3 நிமிஷம்: இன்னார் உள்ளே வந்தார். 12 மணி 3 நிமிஷம் 2 விநாடி: இன்ன கணக்கைக் கேட்டார்." இப்படி. இந்தப் பதிவேட்டை ‘லாக்’ என்பார்கள். யந்திரம் நின்றுபோனால் கடைசியில் என்ன எழுதிவிட்டு நின்றது என்று தேடிப் பிடிக்க வேண்டும். அண்ணியின் வேலையே அதுதான்.

அந்த இரவுக்கு வருவோம். மருந்து மொத்த வியாபாரி ஒருவருடைய ஆர்டர் வாங்கும் யந்திரம் பன்னிரண்டு மணிக்கு நின்றுவிட்டது. காலையில் ஆஸ்பத்திரிகளுக்குப் போக வேண்டிய சரக்கு. மேற்பார்வையாளர் தம் வீட்டிலிருந்து டெலிபோனில், "லாகைப் பார்த்து என்ன பிழை என்று உடனே சொல்லுங்கள்" என்றார். மேஜைக்கு எதிரே சுவரில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. யாரோ எப்போதோ எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியது. பதிவேட்டைப் பார்க்க வேண்டுமானால் இப்படித் தட்டச்சு செய்து, குழாய்க் குறி போட்டு, ‘மோர்’ என்று முடிக்கவும் என்று அதில் கண்டிருந்தது. அண்ணி அப்படியே செய்தார்.

ஆறாயிரம் வரி இருக்கும். திரையில் தெரிவது இருபத்து நாலு. இடைவெளிக் கட்டையைத் தட்டினால் அடுத்த இருபத்து நாலு. இருநூற்றைம்பது தடவை தட்ட வேண்டும்! தட்டிக்கொண்டே போனவர் இருநூறாவது திரை அளவில் ‘எரர்’ என்ற சொல் ஓடி மறைவதைப் பார்த்தார். ஆனால் கை பழக்கதோஷத்தில் இன்னொரு தடவை தட்டிவிட்டது. போனது போனதுதான். பின்னால் போக வழி இல்லை. சுட்டெலிக்கும் அந்தக் கறுப்புத் திரையில் வேலை இல்லை. மறுபடியும் முதலிலிருந்து. இரண்டாவது தடவை கவனமாகப் போனவரை மேற்பார்வையாளரின் டெலிபோன் இடைமறித்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் அந்த இடம் தாண்டிவிட்டது. அப்போதுதான் எனக்கு டெலிபோன் செய்திருக்கிறார். அண்ணாவோ அன்று நைட் ஷிப்டு. யந்திரத்தின் பக்கத்தில் டெலிபோனுக்கு அனுமதி இல்லை. நானோ மோரைக் கொட்டச் சொன்னேன்.

மூன்றாவது தடவையில் பிழையைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். சரக்கும் காலையில் போய்விட்டது. ஆனால் நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. மறுநாள் அவருடைய பேருக்கு எதிரே, ‘வேகம் போதாது’ என்று ஒரு குறிப்பு ஏறிவிட்டது. மேற்பார்வையாளர் நல்ல மனிதர்தான். "பல வருஷம் வீட்டில் இருந்துவிட்டு வருகிறவர்களுக்கு இப்படித்தான், போகப் போகச் சரியாகிவிடும்" என்று ஆறுதல் வேறு சொன்னாராம். அந்த ஆறுதல்தான் அண்ணிக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. காலையில் வந்தவர் காபிகூடச் சாப்பிடாமல், "நான் மெதுவா, இல்லே அந்த மோர் மெதுவா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. பத்திரிகைக்காரனுக்கு எதையும் விசாரிக்கிற உரிமை உண்டு என்ற தைரியத்தில், தெரிந்தவர்களை எல்லாம் கேட்டு, கிடைத்ததை எல்லாம் படித்து, இந்த மோரின் பூர்வோத்தரத்தைத் துருவி எடுத்தேன்.

ஆதியில் கணிப்பொறிக்குத் திரையே கிடையாது. தந்தி ஆபீசு டெலிபிரிண்டர் மாதிரி காகிதத்தில் டகடகவென்று அடித்துத் தள்ளும். முன்னால் என்ன வந்தது என்று பார்க்க வேண்டுமானால் தரையில் சுருண்டு கிடக்கும் காகிதத்தை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். 1970-களில் காகிதம் போய்க் கண்ணாடித் திரை பரவலாயிற்று. சாதாரணமாக இருபத்து நாலு வரி. இருபத்தைந்தாவது வரி வந்ததும் முதல் வரி மேலே ஏறி மாயமாகிவிடும். நீளமான விஷயமாக இருந்தால் படிக்க அவகாசமே இல்லை. கண்ணுக்கு முன்னால் எக்ஸ்பிரஸ் வண்டி போகிற மாதிரிதான்! 1978-இல் கலிபோர்னியாவில் பெர்க்கிலி சர்வகலாசாலை மாணவர் டேனியல் ஹால்பர்ட் இதற்கு ஒரு பரிகாரம் செய்தார். திரை நிரம்பியதும் நின்றுவிடும். அடியில் ‘மோர்’ என்று ஒரு சொல் தோன்றும். இன்னும் இருக்கிறது, வேண்டுமா என்று அர்த்தம். கட்டையைத் தட்டினால் அடுத்த பக்கம்.

இது என்ன என்று உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். நம் பத்திரிகையில் தொடர்கதைக்கு அடியில் ‘தொடரும்’ என்று போடுகிறோமே, அதேதான்! கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தபோது, தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் பக்கங்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்து வைத்து பைண்டு செய்தார்கள். எங்கள் பாட்டியின் டிரங்குப் பெட்டியிலும் காலிகோ அட்டை போட்ட கனமான பைண்டு ஒன்று இருந்தது. ஏன் பைண்டு செய்தார்கள்? பின்னால் போவதற்கு! இந்த நந்தினி முதன்முதலில் எங்கே வந்தாள், அந்த ஜோசியர் என்ன சொன்னார் என்று திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது அல்லவா? வாராந்தரி முன்னால்தான் போகும். பைண்டுதான் பின்னாலும் போகும்.

கணிப்பொறி உலகத்தில் அந்த பைண்டு வேலையைச் செய்தவர் மார்க் நூடல்மன். 1983-க்கும் 1985-க்கும் இடையில் அவர் எழுதியதுதான் ‘லெஸ்’. மோர் முன்னால் போனால் என்னுடையது பின்னாலும் போகும் என்பதற்காக, ‘அதிக’த்துக்கு எதிர்ச்சொல்லான ‘குறைவு’ என்று வேடிக்கையாகப் பெயர் வைத்தார். பிற்பாடு ஜான் டேவிஸ் என்பவர் எழுதிய இன்னொன்று ‘மோஸ்ட்’. அது திரையை இரண்டாகப் பிரித்து இரண்டு விஷயங்களை ஒரே சமயத்தில் காட்டும். இவை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் ‘பேஜர்’. 1990-களில் டாக்டர்களும் வியாபாரிகளும் இடுப்பில் செருகிக்கொண்டிருந்த பேஜர் அல்ல. பக்கம் பக்கமாகக் காட்டுவதால் இந்தப் பெயர்.

லெஸ்ஸில் இடைவெளிக் கட்டையைத் தட்டினால் அடுத்த பக்கம். ‘பி’ எழுத்தைத் தட்டினால் முந்தின பக்கம். பெரிய ‘ஜி’ தட்டினால் நேரே கடைசிப் பக்கம். லாக் பார்க்கிறவர்களுக்கு இது வரப்பிரசாதம். யந்திரம் கடைசியாக என்ன எழுதிவிட்டு நின்றது என்பதுதானே கேள்வி? அங்கிருந்து கேள்விக்குறி போட்டு, தேட வேண்டிய சொல்லைத் தட்டச்சு செய்தால், பின்னோக்கித் தேடிக்கொண்டு வந்து அந்த இடத்தில் நிற்கும். அண்ணியின் நாற்பது நிமிஷ வேலை முக்கால் நிமிஷத்தில் முடிந்திருக்கும். மோருக்கும் அநியாயம் செய்யக் கூடாது. இப்போதைய மோரில் தேடுகிற வசதி இருக்கிறது. கோப்பை நேராகத் திறந்தால் ‘பி’ தட்டிப் பின்னால்கூடப் போகும். ஆனால் குழாய்க் குறி போட்டு அனுப்பினால் போகாது. சுவர் அட்டை சொன்னதோ குழாய் வழி!

"அப்படியானால் எல்லோரும் லெஸ்ஸையே வைத்துக்கொள்ள வேண்டியதுதானே?" என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அப்போதுதான் விஷயத்தின் ருசி தெரிந்தது.

ஓட்டலில் போய், "ஒரு காபி" என்று சொன்னால் என்ன வரும்? சர்க்கரை போட்டுத்தான் வரும். வேண்டாதவர்தான், "சர்க்கரை இல்லாமல்" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். ஒன்றும் சொல்லாதவருக்கு என்ன கொடுப்பது என்று யாரோ ஒருவர் முன்பே தீர்மானம் செய்து வைத்திருக்கிறார். கணிப்பொறியிலும் இப்படித்தான். ஒரு பக்கம்காட்டி வேண்டும் என்று ஏதாவது ஒரு கட்டளை கேட்டால், மோரைக் கொடுப்பதா, லெஸ்ஸைக் கொடுப்பதா என்பது முன்னாலேயே எழுதி வைக்கப்பட்டிருக்கும். விஷயம் தெரிந்தவர்கள் தங்களுக்கு வேண்டியதைச் சொல்லி வாங்கிக்கொள்வார்கள். ஆகையால் இந்த முன்தீர்மானம் யாருக்காக என்று பார்த்தால், சொல்லத் தெரியாதவர்களுக்காக. அதாவது, வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம் நள்ளிரவில் தனியாக உட்கார்ந்திருக்கிற எங்கள் அண்ணிக்காக!

1993-இல் தொடங்கிய டெபியன் என்ற லினக்ஸ் வகையில் இதற்கு ஒரு மார்க் போடும் முறை வைத்திருக்கிறார்கள். லெஸ்ஸுக்கு 77 மார்க், மோருக்கு 50. இரண்டும் யந்திரத்தில் இருந்தால் அதிக மார்க் வாங்கியது தானாகவே நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும். நிர்வாகி நினைத்தால் ஒரே கட்டளையில் எல்லோருக்குமாக மாற்றலாம். தனி ஆசாமி தம் மட்டில் மாற்றிக்கொள்ள வேண்டுமானால், தம்முடைய அமைப்புக் கோப்பில் பேஜர் என்ற பெயருக்கு எதிரே விருப்பமானதை எழுதிவைத்தால் போதும்.

டெபியன் என்றதும் எங்கோ சீமை விவகாரம் என்று நினைக்க வேண்டாம். சென்னை ஸி-டாக் மையத்தார் இந்த டெபியனை அடிப்படையாக வைத்து உண்டாக்கியதுதான் ‘பாஸ்’ என்ற பாரத லினக்ஸ், 2007-இல் வெளிவந்தது. 2011 செப்டம்பரில் திருவள்ளூருக்குப் பக்கத்துக் காக்களூரில் தொடங்கி, தமிழ்நாட்டு மாணவ மாணவியருக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸும் சேர்ந்து வந்தது. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கலாம். எங்கள் வீட்டில் இருந்தது அக்காவின் பெண் வாங்கியது. அதைத் தூசி தட்டி எடுத்து, பக்கத்தில் து. நித்யா எழுதிய ‘எளிய தமிழில் கனு/லினக்ஸ்’ புத்தகத்தை வைத்துக்கொண்டு, பகலில் குழந்தைகள் பள்ளிக்கூடம் போன பிறகு அண்ணி அப்பியாசத்தில் இறங்கினார். இரவு வேலை பார்த்தவர் பகலில் தூங்க வேண்டாமோ என்று அம்மா முணுமுணுத்ததைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் நாளே ஆபத்து! லெஸ்ஸில் ஒரு கோப்பைத் திறந்தார். படித்தார். முடிந்தது. வெளியே வரத் தெரியவில்லை. அடியில் ‘எண்ட்’ என்று மட்டும் தெரிகிறது. வேறு ஒரு சொல்கூட இல்லை. எண்டர் கட்டையைத் தட்டினார். எஸ்கேப் கட்டையைத் தட்டினார். பூரான் பிடித்த மாதிரி எல்லாக் கட்டைகளையும் தட்டினார். கடைசியில் பவர் பொத்தானையே அமுக்கி அணைத்துவிட்டு, "இதுக்கு அந்த மோரே தேவலை, கடைசிப் பக்கம் வந்ததும் அதுவா வெளியே விட்டுடும்" என்றார்.

பாருங்கள்! மோரில் பின்னால் போக வழி இல்லை. லெஸ்ஸில் வெளியே போக வழி தெரியவில்லை. வழி இல்லாமல் இல்லை. ‘க்யூ’ எழுத்தைத் தட்டினால் வந்துவிடலாம். யாராவது சொன்னால்தானே தெரியும்? கணிப்பொறிக்குள்ளேயே இருக்கும் உபயோகக் குறிப்பேட்டைத் திறக்கும்போது மட்டும், அதை அமைத்தவர்கள் புண்ணியம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்: உதவிக்கு ‘எச்’, வெளியேற ‘க்யூ’ என்று அடிவரியிலேயே போட்டிருக்கிறார்கள். உள்ளே இருப்பது அதே லெஸ்தான். அடிவரியில் என்ன காட்டுவது என்பதை நாமே மாற்றிக்கொள்ளலாம் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அண்ணி அன்று சாயங்காலமே மாற்றிவிட்டார். ஆங்கில எழுத்தில், ஆனால் தமிழ்ப் பேச்சில், ‘வெளியே போக க்யூ, பின்னாலே போக பி’ என்று! ஒரே திரைக்குள் அடங்குகிற சின்ன விஷயமானால் காட்டிவிட்டுத் தானாகவே விலகிக்கொள்ள வேண்டும் என்றும் அதற்கு உத்தரவு போட்டு வைத்தார். அப்படி ஒரு வசதியும் லெஸ்ஸில் உண்டு.

தமிழ் எழுத்து விஷயத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. மருந்துக் கடைகள் சில தங்கள் பெயரைத் தமிழிலேயே பதிவு செய்திருந்தன. லாகில் அந்தப் பெயர்கள் வரும் இடங்களில் ஒரே எண்ணும் எழுத்துமாகக் கோண மாணலாகத் தெரியும். நாம் எழுதும் ‘அ’வைக் கணிப்பொறி மூன்று துண்டு எண்களாக வைத்துக்கொள்கிறது. யூனிகோடு முறையில் படி என்று லெஸ்ஸுக்குச் சொல்லாவிட்டால், அது ‘அ’வைக் காட்டாமல் அந்த மூன்று துண்டுகளையும் அடைப்புக்குறி போட்டுத் தனித்தனியாகக் காட்டும். அமைப்பில் மொழியைச் சரியாகக் குறித்துவிட்டால் எழுத்து வந்துவிடும். வந்துவிடும் என்றேனே தவிர, அழகாக வரும் என்று சொல்லவில்லை. எல்லா எழுத்தையும் ஒரே அளவுக் கட்டத்தில் அடைக்கப் பார்க்கும் திரை அது. நம்முடைய ‘ணௌ’வும் ‘கொ’வும் அதற்குள் அடங்குமா? கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று போய்விடுகின்றன. இந்தக் குறைக்கு மோரும் லெஸ்ஸும் பொறுப்பல்ல; திரையை அமைக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய காரியம் அது.

இரண்டு வாரம் கழித்து அண்ணி மேற்பார்வையாளரிடம் போய், அட்டையையும் யந்திரத்தின் முன்தீர்மானத்தையும் மாற்ற வேண்டும் என்று கேட்டார். தகுதிகாண் பருவத்தில் இருக்கிறவர், அதுவும் பேரில் ஒரு குறிப்பு ஏறியவர், இப்படிக் கேட்பதற்கு எவ்வளவு நெஞ்சுத் துணிவு வேண்டும் என்பதை உத்தியோகம் பார்க்கிற சகோதரிகள் அறிவார்கள். "போன வருஷம் வரைக்கும் எல்லாரும் இதிலேதானே பார்த்தாங்க?" என்றாராம் அவர். பிறகு இரண்டு ஆட்சேபணைகள் சொன்னார். இரண்டும் தள்ளிவிடக் கூடியவை அல்ல.

ஒன்று: மோர் எங்கேயும் இருக்கும், லெஸ் எங்கேயும் இராது. இது உண்மைதான். இந்த இனத்துக் கணிப்பொறிகளுக்கென்று உள்ள ‘போஸிக்ஸ்’ என்ற பொது விதியில் மோருக்கு இடம் இருக்கிறது, லெஸ்ஸுக்கு இல்லை. மிகவும் சிக்கனமாக அமைத்த யந்திரங்களில் லெஸ்ஸை வைக்காமலே விட்டுவிடுகிறார்கள். இன்னொன்று: லெஸ் வெறும் வாசகர் அல்ல. படித்துக்கொண்டிருக்கும்போதே ‘வி’ எழுத்தைத் தட்டினால் அதே கோப்பைத் திருத்தும் கருவி திறந்துகொள்ளும். ஆச்சரியக்குறி போட்டால் வேறு கட்டளைகளைக்கூட அங்கிருந்தே நடத்தலாம். சாதாரண ஆள் செய்தால் பாதகம் இல்லை. நிர்வாகியின் அதிகாரத்தில் லெஸ் திறந்திருக்கும்போது செய்தால்? பத்திரிகை படித்துக்காட்ட வந்தவர் கையில் வீட்டுச் சாவிக்கொத்தையும் கொடுத்த கதைதான். இது கற்பனைப் பயம் அல்ல. லினக்ஸ் யந்திரங்களில் பரவலாக உள்ள சிஸ்டம்-டி என்ற நிர்வாக அமைப்பின் பழைய பதிப்புகளில் இந்த வழியாக ஒருவர் முழு அதிகாரத்தையும் பிடித்துக்கொள்ளலாம் என்று 2023-இல் ஒரு பாதுகாப்புக் குறை பதிவாகியிருக்கிறது.

அண்ணி இதற்கும் படித்துவிட்டுத்தான் போயிருந்தார். "லெஸ்ஸைப் பத்திரமான முறையிலே வைக்க ஒரு அமைப்பு இருக்கு, சார். அதைப் போட்டுட்டா திருத்தவும் முடியாது, வேற கட்டளை நடத்தவும் முடியாது. படிக்க மட்டும்தான் முடியும். லெஸ் இல்லாத யந்திரத்துக்கு மோரும் அட்டையிலே ஒரு வரியா இருக்கட்டும்" என்றார். மேற்பார்வையாளர் கொஞ்ச நேரம் பேசவில்லையாம். "எழுதிக் கொடுங்க, பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

ஒரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அண்ணி தம்முடைய பெயரில் மட்டும் லெஸ்ஸை வைத்துக்கொண்டு வேலை பார்த்தார். அந்த மாதத்தில் இரண்டு இரவு யந்திரங்கள் நின்றன. இரண்டு தடவையும், டெலிபோனைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும்போதே பிழையைப் படித்துச் சொன்னாராம். ஐந்தாவது மாதம் ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்தால், சுவரில் பழைய அட்டை இல்லை. புது அட்டை. யந்திரத்தில் முன்தீர்மானமும் மாறியிருந்தது, பத்திரமான முறையோடு. அட்டையில் அண்ணி எழுதிக்கொடுத்த வாசகமே கொஞ்சமும் மாறாமல் இருந்தது. யார் எழுதியது என்பது மட்டும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. அவருக்கு வரவில்லை. ஆறாவது மாதம் நிரந்தரக் கடிதம் வந்தது. பழைய குறிப்பை யாராவது அடித்தார்களா என்று கேட்டேன். "அது அங்கேயேதான் இருக்கு, தம்பி. லாகிலே எழுதினதை யாரும் அழிக்கிறதில்லே" என்றார்.

சென்ற வாரம் ஞாயிற்றுக்கிழமை, அண்ணிக்கு வார விடுமுறை. இரவு பதினொன்றரை மணிக்கு அவர் டெலிபோன் அடித்தது. புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண், ஆவடியிலிருந்து வருகிறவள். பதற்றமான குரல் அடுத்த அறையில் இருந்த எனக்கே கேட்டது.

"அக்கா, உள்ளே மாட்டிக்கிட்டேன். எப்படி அக்கா வெளியே வர்றது?"

அண்ணி தோசை மாவுப் பாத்திரத்தை மூடிவிட்டு, சாவகாசமாகச் சொன்னார்:

"திரையிலே கீழே பாரும்மா. எழுதியிருக்கும்."